பயிற்சி பெறும் தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கு முடிவெடுக்கும் முறைகளைக் கற்பிப்பது எப்படி?

தொழில்நுட்ப ஆசிரியராகப் பயிற்சி பெறுவோருக்கு மேலாண்மைப் பாடம் நடத்தும்போது, வரையறைகளை விட்டுவிட்டு, நாளை அவர்களே பொறுப்பேற்கவிருக்கும் பணிமனையின் சிக்கல் ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என பிரெஞ்சு மேலாண்மை அறிஞர் ஹென்றி ஃபயோல் 1916-இல் வகுத்த ஐந்து பணிகளை அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். தேர்வெழுத அது போதும்.

முதல் வகுப்பில் ஒரே ஒரு கேள்வியை முன்வையுங்கள்: கையிலுள்ள தொகைக்கு மூன்று சாதாரண லேத்துகள் (கடைசல் இயந்திரங்கள்) வாங்கலாம், அல்லது கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் ஒரு சிஎன்சி லேத் வாங்கலாம், எதை வாங்குவீர்கள், ஏன்? எந்த முறையையும் சொல்லித்தராமல், ஒவ்வொருவரும் தம் முடிவையும் காரணத்தையும் தனியே எழுதித் தரட்டும். முதலிலேயே கலந்துபேச விட்டால், உரக்கப் பேசியவரின் கருத்தே வகுப்பின் கருத்தாகிவிடும்.

அடுத்ததாக முடிவு அட்டவணையைக் கரும்பலகையில் வரையுங்கள். ஒரே நேரத்தில் பயிலக்கூடிய மாணவர் எண்ணிக்கைக்கு 5, தொழிற்சாலைகளின் தேவைக்கு 3, பராமரிப்பு எளிமைக்கு 2 என்று, அதனதன் முக்கியத்துவத்துக்கு ஏற்ப எடை கொடுங்கள். ஐந்துக்கு இத்தனை என மதிப்பெண் இடும்போது, சாதாரண லேத்துகள் முறையே 4, 2, 4 பெறுகின்றன என்றும், சிஎன்சி லேத் 2, 5, 2 பெறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். எடையால் பெருக்கிக் கூட்டினால் சாதாரண லேத்துகளுக்கு 34, சிஎன்சிக்கு 29. சாதாரண லேத்துகளே முந்துகின்றன. விடை கிடைத்துவிட்டது என்று வகுப்பு நிம்மதியடையும் அந்த நேரத்தில், முதல் இரண்டு எடைகளை மட்டும் இடம் மாற்றி மறுபடியும் கணக்கிடச் சொல்லுங்கள். இப்போது சாதாரண லேத்துகளுக்கு 30, சிஎன்சிக்கு 35; சிஎன்சி வென்றுவிடுகிறது. மதிப்பெண்களில் ஒன்றுகூட மாறவில்லை. ஆகவே, விவாதிக்க வேண்டியது எடைகளைத்தான் என்பதையும், மதிப்பெண் இடும் முன்பே அவற்றை முடிவுசெய்து எழுதி வைக்க வேண்டும் என்பதையும் அவர்களே கண்டுகொள்வார்கள். மனத்துக்குப் பிடித்த இயந்திரம் வெல்லும்வரை எடைகளைத் திருத்திக்கொண்டே போவது அனுபவசாலிகளும் செய்கிற காரியம்தான்.

நேரத் திட்டமிடலுக்கு, அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் உருவான, பணிகளுக்கு ஆகும் நேரத்தை மதிப்பிடும் பெர்ட் (PERT) முறையின் கணக்கு ஒன்றே போதும். ஒரு செய்முறைப் பயிற்சி விரைவில் முடிந்தால் 20 நிமிடம், வழக்கமாக 30, தடங்கல் நேர்ந்தால் 70 என்றால், நடு மதிப்பை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க 35 நிமிடம் வரும். பாடத்திட்டத்தில் எழுத வேண்டியது இந்த எண்ணைத்தான்.

எல்லா முடிவுக்கும் அட்டவணை போட நேரம் இராது. மோட்டாரில் கருகல் நாற்றம் வந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பதே முதல் வேலை. இத்தகைய முடிவுகளை முன்கூட்டியே விதிகளாக எழுதி வைக்கப் பழக்குங்கள். காலமும் தகவலும் குறைவாக உள்ளபோது மனிதர்கள் மிகச் சிறந்ததைத் தேடாமல் போதுமானதைத் தேர்கிறார்கள் என்று, 1978-இல் பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் விளக்கியதை இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

மதிப்பிடும்போது விடைக்கு மதிப்பெண் தராதீர்கள். முதல் நாள் எழுதித் தந்த தாளைத் திருப்பிக் கொடுத்து, அதில் எந்தக் காரணம் இன்னும் நிற்கிறது, எது விழுந்துவிட்டது என்று அதன் கீழேயே எழுதச் சொல்லி, அந்த விளக்கத்தைத் திருத்துங்கள்.