வெயிலில் யுபிவிசி குழாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் சுவரோரமாக, வெயில் நேராக விழும் இடத்தில் ஓடும் குழாய் பெரும்பாலும் யுபிவிசி என்ற விறைப்பான பிளாஸ்டிக்தான். துருப்பிடிக்காது, எடை குறைவு, விலையும் கட்டுப்படியாகும். நல்ல பொருள். ஆனால் அதன் பலம் சூட்டோடு சேர்ந்து குறையும். இதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

குழாய்மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவை அப்படியே நம்பாதீர்கள். அது 20 டிகிரியை ஒட்டிய தண்ணீருக்கான கணக்கு. தண்ணீர் 45 டிகிரியைத் தொட்டால், 10 பார் (அழுத்த அலகு) தாங்கும் குழாயை 6 பார் குழாயாகத்தான் எண்ண வேண்டும். பம்ப் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

60 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடு பட்டால் யுபிவிசி தாங்காது. 80 டிகிரியை நெருங்கும்போது விறைப்பு போய்த் தளர்ந்துவிடும். ஆகவே கூரையில் உள்ள சோலார் ஹீட்டரின் வெந்நீர்ப் பக்கத்தில் அதைப் போடவே கூடாது. வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் வகைகளான சிபிவிசி, பிபிஆர், அல்லது செம்பு இவற்றில் ஒன்றைப் போடுங்கள். தண்ணீர் உள்ளே வரும் பக்கம் குளிர்ச்சிதானே என்று விட்டுவிடவும் கூடாது. தொட்டியின் சூடு அந்த வழியாகவும் பின்வாங்கி வரும். அங்கேயும் முதல் துண்டு உலோகமாக இருப்பது நல்லது. சமையலறைக் கழிவுக் குழாய்க்கும் இதே ஆபத்துதான். தீபாவளி சமையலில் அண்டா நிறையக் கொதிக்கும் நீரை ஒரேயடியாக சிங்கில் கொட்டினால், தாங்கு கிளிப் குறைவாக உள்ள இடத்தில் குழாய் தொய்யும். தொய்ந்த இடத்தில் எண்ணெய் தங்கி, அப்புறம் அடைப்புதான்.

அதிகம் கவனிக்கப்படாதது நீளும் கணக்கு. ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் யுபிவிசி ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் நீளும். இரும்பைவிட ஐந்தாறு மடங்கு. 6 மீட்டர் குழாய் காலை 25 டிகிரியிலிருந்து நண்பகல் 55 டிகிரிக்குப் போனால் 12 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மாலையில் மழை கொட்டியதும் சட்டென்று சுருங்கும். கிளிப்பை இறுக்கிப் பிடித்துவிட்டால் அந்த அசைவு முழுவதும் எல்போ (வளைவு இணைப்பு) மீதும் ஒட்டுகள் மீதும் விழும்; கசிவு அங்கேதான் தொடங்கும். கிளிப்புக்குள் குழாய் வழுக்கி நகர இடம் விடுங்கள். நீளமான ஓட்டத்தில் ரப்பர் வளைய இணைப்பு வைக்கலாம்.

பசையை அள்ளிப் பூசினால் ஒட்டு பலமாகும் என்பதும் தப்பு. அது குழாயின் மேற்பரப்பையே கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான். உள்ளே தேங்கினால் குழாயின் சுவரை மெலிதாக்கும். மழை ஈரத்தைத் துடைத்துக் காயவிட்டு மெல்லியதாகப் பூசுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை தண்ணீர் திறக்காதீர்கள்.

வெயிலின் புற ஊதாக் கதிர் குழாயை நிறம் மங்கச் செய்து, அடிபட்டால் உடையும்படி ஆக்கும். வெளிர்நிற, நீர் கலந்த பெயின்ட் போதும். கறுப்பு வேண்டாம், சூட்டை இழுக்கும். தின்னர் கலந்ததும் வேண்டாம்.

வளைக்க வேண்டுமென்று அடுப்புத் தீயில் காட்டுவோர் உண்டு. தயவுசெய்து வேண்டாம். யுபிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், கண்ணையும் மூச்சையும் அரிக்கும். எல்போ சில காசுதான்.

கசிவு பார்க்கக் காற்றை அடைத்து அழுத்தம் ஏற்றுவதும் ஆபத்து. அடைபட்ட காற்றோடு குழாய் வெடித்தால் கூரான துண்டுகள் பறக்கும். உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள்.