பழைய ஆபீஸ் லேப்டாப்பில் பூட்டிக் கிடக்கும் செட்டிங்ஸ்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் அத்தை போன மாதம் ஒரு பழைய ஆபீஸ் லேப்டாப் வாங்கினார். டர்பனில் இந்த மாதிரி மலிவாகக் கிடைப்பதுதான், ஆனால் திரையின் பின்னணிப் படத்தை (வால்பேப்பர்) மாற்றப் போனால்கூட "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது, எந்த நிறுவனம் என்று அத்தைக்கே தெரியாது!

இப்படி வந்தால் முதலில் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய், "ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்" பகுதியில் யாருடைய கணக்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிஸ்கனெக்ட். இல்லையா, சரி, விண்டோஸ் புரோ என்றால் ஸ்டார்ட் மெனுவில் "எடிட் குரூப் பாலிசி" (கணினிக்கான விதிகளைத் திருத்தும் கருவி) தேடித் திறந்து, அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸில் "ஆல் செட்டிங்ஸ்" எடுத்து ஸ்டேட் என்ற தலைப்பை ஒரு தட்டு தட்டுங்கள், யாரோ மாற்றி வைத்ததெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். இதை கம்ப்யூட்டர், யூசர் என்ற இரண்டு பிரிவிலும் செய்ய வேண்டும். (ஹோம் பதிப்பில் இந்தக் கருவி கிடையாது.)

இங்கேதான் பலர் சறுக்குவது: அப்படி மாற்றியிருப்பதைத் திறந்து தடையை எடுக்கும்போது "டிஸேபிள்டு" போடாதீர்கள், அதுவும் ஒரு கட்டளைதான். "நாட் கான்ஃபிகர்டு" என்று வைத்தால்தான் முடிவு உங்கள் கைக்கு வரும்.

அப்புறம், இதெல்லாம் சொந்த மெஷினுக்கு மட்டும். வேலை இடத்துக் கணினி என்றால் ஐடி ஆளிடமே கேளுங்கள், அவர் மாற்றியது உங்களுக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், உடனே வேண்டுமானால் கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளை தட்டும் ஜன்னல்) ஜிபிஅப்டேட் (gpupdate) கொடுத்தால் போதும்.