ஆட்டுப்பாலின் தாதுக்களை ஒப்பிட மாதிரி எடுக்கும் முறை

இரண்டு இன ஆடுகளின் பாலை ஒப்பிட வேண்டும் என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, குட்டி போட்டு எத்தனை நாளாகிறது என்பதுதான். சானென் இன ஆடு ஈன்று ஒரு மாதம், நூபியன் இன ஆடு ஈன்று ஏழு மாதம் என்றால், வேறுபாடு இனத்தாலா காலத்தாலா என்று சொல்ல முடியாது. கறவை நாள், எத்தனையாவது ஈற்று என்பது, தீவனம் மூன்றும் பொருந்த வேண்டும். சீம்பாலில் தாதுக்கள் மிகுதி. அதைத் தனிக் கணக்காக வையுங்கள்.

இரு காம்புகளையும் முழுக்கக் கறந்து, நன்றாகக் கலக்கிய பிறகே மாதிரி எடுங்கள். பாட்டிலை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலுள்ள கால்சியமும் கணக்கில் ஏறிவிடும்.

அப்புறம் பாலை உலரவைத்து, உலையில் 550 டிகிரி செல்சியஸில் சாம்பலாக்குங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் கரி மிச்சம் இருக்கிறது, வெளுக்கும்வரை விடுங்கள். சாம்பலை அமிலத்தில் கரைத்து, அணு உறிஞ்சல் கருவியில் (ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்துத் தனிமத்தை அளக்கும் கருவி) கால்சியம் பார்க்கும்போது லாந்தனம் என்ற தனிமத்தின் உப்பைச் சேர்ப்பது அவசியம். இல்லாவிட்டால் பாஸ்பேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும்.

100 கிராம் பாலில் கால்சியம் ஏறத்தாழ 130 மில்லிகிராம், பாஸ்பரஸ் 110, பொட்டாசியம் 200 வரும். சோடியமும் குளோரைடும் ஏறி பொட்டாசியம் இறங்கினால், இனத்தைப் பற்றிப் பேசும் முன் மடிநோய் இருக்கிறதா என்று பாருங்கள். கறவையின் கடைசி மாதங்களிலும் சோடியம், குளோரைடு ஏறும்.