தைலம் தேய்த்தால் போகாத அழற்சி

கோத்தகிரியில் எங்கள் சித்தி வீட்டில் எல்லா வலிக்கும் ஒரே மருந்துதான், யூகலிப்டஸ் தைலம். போன மாதம் அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "உடம்புல அழற்சி இருக்கும்மா, இன்சுலின் சரியா வேலை செய்யல" என்றார். சித்தி வீட்டுக்கு வந்ததும் முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழற்சி என்றால் அவருக்கு வீக்கம்.

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். அடிபட்ட இடம் சிவந்து, வீங்கி, வலித்து, நாலு நாளில் அடங்குவது ஒரு வகை. டாக்டர் சொன்னது வேறு. அது வலிக்காது, வீங்காது, வருடக்கணக்கில் மெல்லப் புகைந்துகொண்டே இருக்கும். புகைவது பெரும்பாலும் தொப்பைக்குள்ளே, குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பில். கொழுப்பு செல்கள் அளவுக்கு மீறிப் பருத்தால் ஆக்ஸிஜன் போதாமல் திணறும், சில செத்தும் போகும். அவற்றை அப்புறப்படுத்த மேக்ரோபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் வந்து சூழ்ந்துகொள்ளும். அவை கக்கும் டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற வேதிப்பொருட்கள் ரத்தத்தில் கலந்து, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் சொல்வது தசையிலும் கல்லீரலிலும் உள்ளே போகாமல் தடுக்கின்றன. இதற்குப் பெயர்தான் இன்சுலின் எதிர்ப்பு. பருமனான எலிகளின் கொழுப்பில் டிஎன்எஃப் ஆல்ஃபா மிகுந்திருப்பதை 1993இலேயே காட்டிவிட்டார்கள்.

டவர் கிடைக்காத எஸ்டேட்டில் இருப்பவருக்குப் போன் போடுவது மாதிரிதான். லைன் போகாது, நாம் திரும்பத் திரும்ப அடிப்போம். கணையமும் அப்படித்தான் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். அது களைத்துப்போகும்போது சர்க்கரை ஏறும்.

அடுத்த தவறு, எடை மெஷினை மட்டும் நம்புவது. கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னே நிற்கும் உடல்வாகு நம்மில் அதிகம். மலையில் இன்னொரு வசதி, வருடத்தில் பாதி நாள் ஸ்வெட்டர். தொப்பை யார் கண்ணிலும் படாது, நம் கண்ணிலும்தான். சித்திக்கு எடை 58 கிலோ. "நான் எங்க குண்டு?" என்று கேட்டார். தையல் நாடாவை எடுத்தேன். ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை விட்டதும் பார்த்தோம். 91 செ.மீ. இந்தியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 தாண்டினால் கவனிக்க வேண்டும். சித்தி நாடாவைத்தான் சந்தேகப்பட்டார்.

பிள்ளைகளின் பின்கழுத்து கறுத்து, தடித்து, வெல்வெட் மாதிரி இருந்தால் அழுக்கு என்று பயத்தமாவு போட்டுத் தேய்ப்பதும் நடக்கிறது. பாவம், தோல்தான் எரியும். உடல் பருத்த பிள்ளைக்கு அது பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். டாக்டரிடம் காட்டுங்கள்.

அழற்சிதானே என்று வலி மாத்திரையைத் தினமும் போடுவது இவை எல்லாவற்றையும் விட ஆபத்து. வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும், தொப்பைக் கொழுப்பு அசையாது. அழற்சிக்கு என்று பூண்டு தின்பது கொஞ்சம் தேவலை. ரசத்தில் தட்டிப் போட அதற்கு ஈடில்லை. அதற்காக வெறும் வயிற்றில் நாலு பல் விழுங்கிவிட்டு, பத்து மணிக்கு வர்க்கி பிஸ்கட்டைச் சர்க்கரை டீயில் முக்கித் தின்றால் எப்படி?

ரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையைச் சளி, காய்ச்சலோடு போய் எடுப்பதும் வீண். அப்போது எண் எப்படியும் ஏறித்தான் இருக்கும். நன்றாகக் குணமான பிறகு எடுக்க வேண்டும்.

அப்புறம், "மலையில இருக்கிறோம், ஏறி இறங்குறதே போதும்" என்ற நினைப்பு. தேயிலை பறிப்பவர் சொன்னால் சரி. மார்க்கெட்டுக்கே ஆட்டோ பிடிக்கும் நாம் சொல்லலாமா? சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்பதுதான் இலக்கு. நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. சித்தியின் கணக்கில் 7 சதவீதம் என்பது நாலு கிலோ.

இப்போது சாப்பிட்டதும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு வருகிறார். வந்து காலுக்குத் தைலம் தேய்க்கிறார். அதை நான் ஒன்றும் சொல்வதில்லை.