பூனைத் தட்டைத் தேடும் கோழி: தீவனத்தில் புரதத்தைச் சரிசெய்வது எப்படி

பூனைக்கு வைத்த உலர் உணவைக் கோழி ஓடி வந்து கொத்தித் தின்றுவிட்டால் பதற வேண்டியதில்லை. நலமாக இருக்கும் கோழிக்குச் சில உருண்டைகள் தீங்கு செய்வதில்லை. கோழி தானியத்தோடு புழுவையும் பூச்சியையும் கிளறித் தின்னும் பறவை என்பதால், இறைச்சியும் மீனும் கலந்த உணவை அது விரும்புவது இயல்பே. ஆனால் நாள்தோறும் பூனையின் தட்டையே சுற்றிவருமானால், முதலில் பார்க்க வேண்டியது நாம் போடும் தீவனத்தைத்தான்.

தீவனப் பையில் புரத விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கும். முட்டையிடும் கோழிக்கு 16 முதல் 18 விழுக்காடும், இளங்குஞ்சுகளுக்கு 18 முதல் 20 விழுக்காடும் இருக்க வேண்டும். தீவனம் சரியாக இருந்தும், அதனோடு ஆசையாக அள்ளிப் போடும் மக்காச்சோளம் கணக்கைக் கெடுத்துவிடுவதுண்டு. அதில் புரதம் 8 அல்லது 9 விழுக்காடுதான். நாளுக்கு ஏறக்குறைய 110 கிராம் தின்னும் கோழி பாதி வயிற்றைச் சோளத்தால் நிரப்பினால், 17 விழுக்காட்டுத் தீவனம் போட்டும் அதற்குக் கிடைப்பது சுமார் 13 விழுக்காடே. இந்தக் கோழிக்குப் பூனை உணவு தேவையில்லை. சோளத்தைக் குறைத்தாலே போதும்.

இறகு உதிர்க்கும் பருவத்தின் கதை வேறு. இறகில் 85 விழுக்காட்டுக்கு மேல் புரதம்தான். அதைக் கட்டுவதற்குக் கந்தகம் கொண்ட மெத்தியோனின், சிஸ்டீன் ஆகிய அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் அடிப்படைக் கூறுகள், மிகுதியாக வேண்டும்; தானியமும் சோயாவும் கலந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவதும் மெத்தியோனின்தான். கழுத்து இறகை மெல்ல ஒதுக்கிப் பாருங்கள்: மெழுகு பூசியது போன்ற உறைக்குள் குட்டையான குச்சிகள் வரிசையாக முளைத்திருக்கும், அடிப்பகுதி கருநீலமாகத் தெரியும். அந்தக் குச்சிக்குள் ரத்தம் ஓடுகிறது. அழுத்தினால் கோழிக்கு வலிக்கும். இந்த வாரங்களில் அதைத் தூக்காமல் விடுவதே நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

இப்போது பூனை உணவைக் கொடுக்கலாம். உலர் உணவில் புரதம் பொதுவாக 30 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும்; டப்பாவில் வரும் ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், அதே எடையில் கிடைக்கும் புரதம் மிகக் குறைவு. ஒரு கோழிக்கு நாளுக்கு 10 கிராம் உலர் உணவு போதும். 100 கிராம் தீவனத்திலிருந்து 17 கிராமும் இதிலிருந்து 3 கிராமுமாக மொத்தம் 20 கிராம் புரதம் சேர்ந்துவிடும். உருண்டைகள் பெரிதாக இருந்தால் கால் மணி நேரம் நீரில் ஊறவைத்து, கோழி தன் தீவனத்தைத் தின்ற பிறகு பிற்பகலில் போடுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் வலியவை அடித்துப் பிடுங்கிக்கொள்ளும், இறகில்லாமல் ஒடுங்கி நிற்பவை பட்டினி கிடக்கும். ஆகவே மூன்று நான்கு இடங்களில் தூவுங்கள். மீந்ததை அன்றே எடுத்துவிடுங்கள், இல்லையேல் எலி வரும்.

அளவு மீறக் கூடாது. மிஞ்சிய புரதத்தை உடல் சேமித்து வைப்பதில்லை. அதன் நைட்ரஜன் யூரிக் அமிலமாகிச் சிறுநீரகம் வழியே எச்சத்தோடு வெளியேறுகிறது. எச்சம் நீர்த்து, கூண்டில் கண்ணை எரிக்கும் அம்மோனியா நெடி எழும். முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் 3.5 முதல் 4 விழுக்காடு கால்சியம் வேண்டும். அவ்வளவு கால்சியம் பூனை உணவில் கிடையாது, அதையே தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டால் முட்டை ஓடு மெலியும். குஞ்சுகளுக்கு இதைக் கொடுக்கவே வேண்டாம்.

தொடர்ந்து புரதம் கூட்ட வேண்டியிருந்தால், அவித்த முட்டையோ உலர்ந்த புழுவோ சிறிதளவு கலந்த மீன் தூளோ இதைவிடப் பொருத்தம் என்பேன்.

இறகு விரியத் தொடங்கும்போது அந்த மெழுகுறை பொடிந்து, கூண்டுத் தரையில் வெள்ளைச் செதிலாகக் கிடக்கும். அதைக் கண்டதும் ஒரு வாரத்துக்குள் பூனை உணவைப் படிப்படியாக நிறுத்திவிட்டு, பூனையின் தட்டைக் கோழி எட்டாத உயரத்துக்கு மாற்றிவிடுங்கள்.