வேலூரிலிருந்து பிரைட்டன், பிளாக்பூல்: இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களைச் சுற்றிப் பார்க்கும் முறை

நர்ஸ் வேலையில் இருக்கும் மகளையோ, ஐடி கம்பெனியில் இருக்கும் மகனையோ பார்க்க விசிட்டர் விசாவில் இங்கிலாந்து போகும் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்துப் பெற்றோருக்காக இந்தக் குறிப்பு. அங்கே பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதே பெரிய விஷயம். கிடைத்த அந்த ஒரு நாள் கெட்டுப்போவது பெரும்பாலும் நேரக் கணக்கு தப்புவதால்தான். கடல் உள்வாங்கிய வேளையில் போய் நிற்பார்கள். கடைசி நுழைவு முடிந்து பத்து நிமிடம் கழித்துப் போய்ச் சேருவார்கள். வேறு ரயிலுக்கான டிக்கெட்டோடு ஏறி, மறுபடி முழுக் காசு கட்டுவார்கள். எந்த ஊர் என்று முடிவு செய்வதற்கு முன்பே கடல், நுழைவு, ரயில் மூன்றின் நேரத்தையும் பார்த்துவிடுங்கள்.

கடல் எப்போது இருக்கும்?

மெரினாவில் கடல் கொஞ்சம் உள்வாங்கினாலே டிவியில் செய்தி வரும். சென்னைக் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் நமக்கு அதை யோசிக்கும் பழக்கமே இல்லை. இங்கிலாந்தின் மேற்குக் கரையில் அது தினமும் இரண்டு முறை நடப்பது. பிரிஸ்டல் சேனல் பகுதியில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 14 மீட்டர் வரை வித்தியாசம் வரும். உலகிலேயே மிகப் பெரிய ஏற்ற இறக்கம் உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. அங்குள்ள வெஸ்டன்-சூப்பர்-மேர் ஊருக்குத் தாழ்நீர் நேரத்தில், அதாவது கடல் உள்வாங்கிய வேளையில், போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான் தெரியும். தண்ணீரைத் தொட்டுவிட்டு வரலாம் என்று அந்தச் சேற்றில் இறங்கவே கூடாது. முழங்கால்வரை புதையும், இழுத்தால் இன்னும் இறங்கும். வடக்கே மோர்கம் விரிகுடாவில் புதைமணலும் உண்டு, ஓதமும் (கடல் ஏற்றமும்) வேகமாக ஏறும். 2004இல் அங்கே சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்தார்கள்.

ஓத அட்டவணை படிப்பது சுலபம். ஊர் பெயரோடு 'டைட் டைம்ஸ்' என்று தேடினால் அன்றைய இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கத்தின் நேரமும் உயரமும் வரும். ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் போன சனிக்கிழமை பார்த்த நேரம் இந்தச் சனிக்கிழமைக்கு உதவாது. நம் வீட்டு நாள்காட்டியும் இதில் கைகொடுக்கும்: அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஏற்ற இறக்கம் உச்சத்தில் இருக்கும், அஷ்டமி, நவமிப் பக்கம் குறைவாக இருக்கும். பலர் இடறுவது கோடை நேரத்தில். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அந்த நாட்டுக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடும். சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்திலேயே அச்சாகியிருக்கும். அப்படியானால் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.

குழந்தைகள் மணலில் விளையாட வேண்டுமென்றால் தாழ்நீருக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு போய்ச் சேருங்கள். கடல் பின்வாங்கப் பின்வாங்க மணல் கூடிக்கொண்டே வரும். பிளாக்பூலில் ஏற்றத்தின்போது மணல் அநேகமாக மறைந்து அலை சுவரில் மோதும். போர்ன்மவுத்தில் ஏற்ற இறக்கம் குறைவு, எந்நேரமும் மணல் உண்டு. அட்டவணை பார்க்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு அதுவே சரியான ஊர். பிரைட்டனில் கூழாங்கல்தான், வெறுங்காலில் நடக்க முடியாது. நார்தம்பர்லாந்தின் ஹோலி ஐலண்டுக்குப் போகும் சாலை தினம் இரண்டு முறை கடலுக்கடியில் போய்விடும். பாதுகாப்பான நேரம் என்று போர்டில் போட்டிருப்பதைத் தாண்டி 'இன்னும் தண்ணி வரலையே' என்று காரை விட்டவர்கள்தான் அங்கே மீட்புப் படகில் திரும்புகிறார்கள்.

இறங்கிக் குளிப்பதானால் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும். அங்கேதான் உயிர்காக்கும் காவலர்கள் கண் இருக்கும். முழுச் சிவப்புக் கொடி என்றால் இறங்கக் கூடாது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது சர்ஃபிங் பலகைக்காரர்களுக்கு. ஆகஸ்டிலும் தண்ணீர் 15 முதல் 18 டிகிரிதான். வேலூர் வெயிலில் பழகிய உடம்பு திடீரென்று இறங்கினால் மூச்சு அடைக்கும், ஆகவே கணுக்கால், முழங்கால் என்று மெதுவாக. ஆபத்தென்றால் 999 அழைத்து 'கோஸ்ட்கார்டு' என்று கேட்க வேண்டும்.

டிக்கெட்டும் கடைசி நுழைவும்

ஜூனில் இரவு ஒன்பதுக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அதை நம்பி ஏமாறக் கூடாது. அருங்காட்சியகமும் அரண்மனையும் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் மூடிவிடும். கடைசி நுழைவு அதற்கு முக்கால் மணியோ ஒரு மணியோ முன்பு. டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், கடற்கரை விளையாட்டுகளில் பாதி குளிர்காலத்தில் திறப்பதே இல்லை. முக்கிய இடங்களில் உள்ளே போகும் நேரம் குறித்த டிக்கெட்தான். முன்கூட்டி ஆன்லைனில் எடுத்தால் பெரும்பாலும் விலையும் குறையும்.

கவுண்டரில் 'கிஃப்ட் எய்ட்' (கொடுத்த காசுக்கான வரியை அந்த அமைப்பு அரசிடம் கேட்டுப் பெறும் ஏற்பாடு) வேண்டுமா என்று கேட்பார்கள். அது அந்த நாட்டில் வருமான வரி கட்டுகிறவர்களுக்கானது. மகள் தன் பெயரில் தன் காசில் கொடுத்தால் சரி. நீங்கள் கொடுப்பதானால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதோடு சேர்த்துச் சொல்லும் நன்கொடைத் தொகையும் கட்டாயமில்லை. கோட்டை, பழைய மடாலயம் என்று நான்கைந்து இடம் பார்க்கிற எண்ணமிருந்தால் பழைய சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பின் வெளிநாட்டுப் பயணிகள் பாஸ் 9 நாள், 16 நாள் என்று கிடைக்கும். டோவர் கோட்டை, விட்பி மடாலயம், ஸ்கார்பரோ கோட்டை எல்லாம் அதில் அடக்கம். ஒன்றிரண்டு இடத்துக்கு மட்டும் அது வீண்.

ரயில்

'அட்வான்ஸ்' டிக்கெட் மலிவு, ஆனால் அதில் போட்டிருக்கும் ரயிலில் மட்டுமே செல்லும். தவறவிட்டால் புது டிக்கெட்தான். டிடிஇயிடம் சொல்லி அட்ஜஸ்ட் செய்யும் கதை அங்கே நடக்காது. போகும்போது அட்வான்ஸ், திரும்பும்போது 'ஆஃப்-பீக்' (கூட்டம் குறைந்த நேர டிக்கெட்) என்று எடுத்தால் மாலையில் அவசரம் இருக்காது.

ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை வாங்கினால் டிக்கெட் விலையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஓர் ஆண்டுக்கு 35 பவுண்டு. 60 வயது ஆனவர்களுக்கு சீனியர் ரயில்கார்டு, பாஸ்போர்ட்டை வைத்தே வாங்கலாம். கணவன் மனைவி இருவர் மட்டும் போவதானால் 'டூ டுகெதர்' போதும். ஆனால் இருவரும் சேர்ந்தே பயணிக்க வேண்டும், வேலை நாட்களில் காலை 9:30க்கு முன் செல்லாது. பேரப்பிள்ளைகள் உண்டென்றால் 'ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' கார்டுதான் லாபம்: பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி.

முழங்கால் வலிக்காரர்கள் 'பாசெஞ்சர் அசிஸ்ட்' சேவையில் இரண்டு மணி நேரம் முன்பு சொல்லிவைத்தால் சாய்வுப் பலகை போட்டு ஏற்றி இறக்குவார்கள், காசு கிடையாது. ஞாயிறன்று தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பஸ் விடுவது அங்கே சகஜம். முதல் நாள் இரவே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சாப்பாடு

சைவக்காரர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். உருளைக்கிழங்கு சிப்ஸ்தானே என்று எல்லாக் கடையிலும் வாங்கக் கூடாது. யார்க்ஷயர், லங்காஷயர் பக்கம் பல பழைய கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். அதற்கு 'பீஃப் டிரிப்பிங்' என்று பெயர். தாவர எண்ணெய்தானா என்று கேளுங்கள். அப்படியே இருந்தாலும் மீன் பொரித்த சட்டியே சிப்ஸுக்கும் இருக்கலாம், அதையும் தனியாகக் கேட்க வேண்டும். புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போவது உத்தமம். பெஞ்சில் உட்கார்ந்து பிரித்ததும் கடற்காகம் பின்னாலிருந்து வந்து கையில் இருப்பதைப் பிடுங்கும்; சுவரை ஒட்டி, முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்காருங்கள். கழிவறைகளில் தண்ணீர் இருக்காது என்பதால் ஒரு காலி பாட்டில் பையில் இருக்கட்டும்.

குடை வேண்டாம், காற்றில் மடங்கிவிடும்; தலைமூடி வைத்த மழைக்கோட்டு எடுங்கள். பயணத்துக்கென்று ஆம்பூரில் வாங்கிய புது ஷூவைக் கிளம்பும் முன் இரண்டு வாரம் வீட்டிலேயே போட்டுப் பழக்கிவிடுங்கள்.

பிரைட்டன்

லண்டன் விக்டோரியாவிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து கடல்வரை இறக்கம், பதினைந்து நிமிட நடை. திரும்பும்போது அதுவே ஏற்றம், களைத்திருப்பீர்கள், பஸ் ஏறிவிடுங்கள்.

கடலைவிட முதலில் பார்க்க வேண்டியது ராயல் பெவிலியன். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசருக்காகக் கட்டடக் கலைஞர் ஜான் நேஷ் 1815 முதல் 1822 வரை மாற்றிக் கட்டிய அரண்மனை. வெளியே முகலாய பாணிக் குவிமாடங்கள், உள்ளே சீன அலங்காரம், விருந்து மண்டபத்தில் டிராகன் பிடித்திருக்கும் சரவிளக்கு. முதல் உலகப் போரின்போது 1914 டிசம்பரில் இதை இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனையாக்கினார்கள். மதம், சாதி வாரியாக ஒன்பது சமையலறைகள்; இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். தோட்டத்தின் தெற்கு வாசலில் உள்ள இந்தியா கேட், அதற்கு நன்றியாக இந்தியா கொடுத்தது, 1921இல் பாட்டியாலா மகாராஜா திறந்தது. அதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம்.

இறந்த சிப்பாய்களில் இந்துக்களும் சீக்கியர்களுமாக 53 பேரை ஊருக்கு வெளியே பேட்சம் குன்றில் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் சத்ரி என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் இருக்கிறது. கார் போகும் சாலை கிடையாது. மேய்ச்சல் நிலம் வழியே ஏறி நடக்க வேண்டும்; மழை பெய்த மறுநாள் வழுக்கும். நடக்க முடிந்தவர்கள் தவறவிடக் கூடாத இடம், ஆனால் பெவிலியன், பியர் (கடலுக்குள் நீளும் மேடை), சத்ரி மூன்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

1899இல் திறந்த பேலஸ் பியரில் சில நாட்களில் சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. பலகை இடுக்கில் போன் விழுந்தால் கடலுக்குத்தான் போகும். பென்னி தள்ளும் காசு விளையாட்டு இயந்திரங்களில் பேரனுக்கு இவ்வளவுதான் என்று சில்லறை மாற்றும்போதே முடிவு செய்துவிடுங்கள். பக்கத்திலேயே 1883 முதல் ஓடும் வோக்ஸ் மின்சார ரயில்; உலகில் இன்றும் ஓடுவதில் மிகப் பழையது, குளிர்காலத்தில் ஓடாது.

பிளாக்பூல், சவுத்எண்ட், யார்க்

பிளாக்பூல் கோபுரம் 1894இல் ஈஃபிலைப் பார்த்துக் கட்டியது, 158 மீட்டர். பலத்த காற்றடித்தால் உச்சியை மூடிவிடுவார்கள், அதனால் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் விளக்கு அலங்காரம் கடற்கரையோரம் சுமார் 10 கிலோமீட்டர். வார இறுதியில் காரில் போனால் ஊர்ந்துதான் போக வேண்டும். டிராமில் வடகோடிக்குப் போய், கொஞ்ச தூரம் நடந்து திரும்புங்கள். இருட்டிய பிறகுதான் விளக்கு, தூரத்து ஊர்களுக்குக் கடைசி ரயில் அதற்கு முன்பே போய்விடலாம். மான்செஸ்டர் பக்கம் வீடு இல்லையென்றால் ஓர் இரவு தங்குங்கள்.

சவுத்எண்ட் பியர் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், கேளிக்கைப் பியர்களில் உலகிலேயே நீளமானது. இவ்வளவு நீளம் எதற்கு? தாழ்நீரில் சேறு ஒரு மைலுக்கு மேல் விரிந்து, கப்பல் கரைக்கு வர முடியாததால். மேலே ரயில் ஓடுகிறது. எதிர்க்காற்றில் நடக்காமல் போகும்போது ரயிலிலும், காற்று முதுகில் அடித்தால் திரும்பும்போது நடந்தும் வாருங்கள்.

யார்க்கில் காட்பாடி ஜங்ஷன்காரர்களுக்குப் பிடித்த இடம் தேசிய ரயில்வே அருங்காட்சியகம்தான். ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே இருக்கிறது, இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின்களில் உலக சாதனை படைத்த மல்லார்டு அங்கே இருக்கிறது.

லண்டனில் நம் கோட்டை

வேலூர், ஆற்காடு சரித்திரத்தின் மிச்சங்கள் சில லண்டனில் இருக்கின்றன. சவுத் கென்சிங்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற பொருள் திப்புவின் புலி. 1799இல் திப்பு வீழ்ந்தபோது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எடுத்தது. அதன்பின் அவர் குடும்பத்தைக் காவலில் வைத்தது நம் கோட்டையில்தான். நுழைவு இலவசம். அரங்கு சீரமைக்கும் காலத்தில் பொருட்கள் இடம் மாறும் என்பதால் புலி காட்சியில் இருக்கிறதா என்று இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். 1751இல் ஆற்காட்டைப் பிடித்துக் காத்த கிளைவின் சிலை, கிங் சார்லஸ் தெரு முனையில் வெட்டவெளியில் நிற்கிறது. 1806 ஜூலை 10 அன்று ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து வேலூர்ப் புரட்சியை அடக்கிய கில்லஸ்பியின் சிலை செயின்ட் பால் தேவாலயத்துக்குள். அங்கே கட்டணம் உண்டு, ஞாயிறன்று வழிபாட்டுக்கு மட்டுமே திறப்பார்கள். ஞாயிறு மட்டும்தான் லீவு என்றால் அன்று கிளைவையும் புலியையும் பார்த்துவிட்டு, கில்லஸ்பியை மகனுக்கு வேலை இருக்கும் நாளில் நீங்கள் இருவருமே பஸ் பிடித்துப் போய்ப் பார்த்து வரலாம்.