எந்த ரூபாய்? பயணச் செயலிகளில் நம் ஆட்கள் காசு விடும் இடங்கள்

போன கிழமை ஒரு பின்னேரம் திருகோணமலை டச் பே கடற்கரையில் அக்காவின் மகனும் அவனுடைய கூட்டாளிகள் இருவரும் கச்சான் கொறித்தபடி சென்னைக்கு அறை பதிந்துகொண்டிருந்தார்கள்.

"மாமா, மூன்று இரவுக்கும் இவ்வளவுதான் வருது. ரூபாயிலேயே கட்டலாமாம்" என்று போனை நீட்டினான்.

"எந்த ரூபாய்?" என்று கேட்டேன். மூன்று பேரும் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் அதே 'ரூபாயிலேயே கட்டலாம்' பொத்தானைச் சந்தோஷமாக அமுக்கியவன் நான். எங்கள் குடும்பத்தில் யார் எங்கே போனாலும் டிக்கெட், அறை, வான் எல்லாம் பார்த்துக் கொடுக்கிற வேலை என் தலையில்தான் விழும். அதனால் செய்யக்கூடிய பிழைகளில் முக்கால்வாசியை நானே செய்து முடித்துவிட்டேன். போனுக்குச் சார்ஜ் போடுங்கள், பொது வைஃபையில் வங்கி வேலை பார்க்காதீர்கள் போன்ற புத்திமதிகளை இங்கே தேட வேண்டாம். அது எல்லோருக்கும் தெரியும்.

டிக்கெட் விலையை மட்டும் பார்ப்பது

மலிவு விமானம் தேடினால் நடுச்சாமமும் விடியற்காலையும்தான் பட்டியலில் முதலில் வரும். செயலிக்குப் பயணம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தொடங்குகிறது. நமக்கு அது திருகோணமலை பஸ் நிலையத்தில் தொடங்குகிறது. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டிப் போய்ச் சேர அரை நாள் ஓடிவிடும். விடியற்காலை விமானம் என்றால் முதல் நாளே போய் நீர்கொழும்பில் அறை எடுக்க வேண்டும், அல்லது விமான நிலையக் கதிரையில் கழுத்தைச் சுளுக்கிக்கொள்ள வேண்டும். குடும்பத்தோடு என்றால் வான் கூலியும் சேரும். அவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் பகல் விமானமே மலிவாக இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மறுபடி தொடங்கியது. வவுனியா வழியாகப் போவது நமக்குச் சிரமமான பாதை இல்லை.

பை எடை

கைப்பைக்கு 7 கிலோ என்றால் 7 கிலோதான். அம்மா கட்டிக் கொடுத்த கருவாடும் அதற்குள் வர வேண்டும்.

'உங்கள் நாணயத்திலேயே கட்டலாம்'

இதைப் பற்றித்தான் உண்மையில் எழுத வந்தேன். இன்னும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

பெரியம்மாவின் முழங்கால் வைத்தியத்துக்காகச் சென்னை எழும்பூர்ப் பக்கம் ஒன்பது இரவுகளுக்கு அறை பதிந்தேன். கடைசித் திரையில் இரண்டு வழி இருந்தது: இந்திய ரூபாயில் கட்டுவது, அல்லது இலங்கை ரூபாயில் கட்டுவது. இலங்கை ரூபாய்க்குப் பக்கத்தில் ஏற்கெனவே புள்ளி போட்டிருந்தது. நமக்குத் தெரிந்த காசு, மாற்றுக் கணக்கும் பார்க்கத் தேவையில்லை, எவ்வளவு வசதி என்று நினைத்துக் கட்டினேன். கார்ட் கணக்கு வந்தபோதுதான் வயிறு எரிந்தது.

நடப்பது இதுதான். சென்னை அறைக்கு இந்திய ரூபாயில் கட்டினால், அதை இலங்கை ரூபாயாக மாற்றும் வேலை விசா அல்லது மாஸ்டர்கார்ட் வலையமைப்பிடம் போகும். அவர்களுடைய மாற்று வீதம் சந்தை வீதத்தை ஒட்டியே இருக்கும். அவர்களுடைய தளத்திலேயே அன்றைய கணக்கைப் போட்டும் பார்க்கலாம். 'இலங்கை ரூபாயிலேயே கட்டுகிறேன்' என்று அமுக்கினால், மாற்றுகிற வேலையை விற்பவர் பக்கம் எடுத்துக்கொள்ளும். வீதத்தை வைப்பதும் அவர்கள்தான். அதற்குள் அவர்களுடைய லாபமும் இருக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். வீதங்கள் கணக்குக்காக நான் வைத்தவை. ஒரு இரவுக்கு 2,500 இந்திய ரூபாய், ஒன்பது இரவுக்கு 22,500. ஒரு இந்திய ரூபாய்க்கு 3.50 இலங்கை ரூபாய் என்றால் 78,750. விற்பவர் தன் வீதத்தை 3.70 என்று வைத்தால் 83,250. அந்த 20 சதம் திரையில் கண்ணில் படாது. ஆனால் 4,500 ரூபாய் போய்விட்டது. அரை இரவு வாடகை.

"பரவாயில்லை, வங்கியின் வெளிநாட்டுக் கட்டணமாவது மிச்சம்தானே" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். மிச்சமில்லை. காசு எந்த நாணயத்தில் போனாலும், அதை வாங்குகிற பக்கம் வெளிநாட்டில் இருந்தால் பல வங்கிகள் அந்தக் கட்டணத்தை எடுத்துவிடும். அதுவும் 78,750க்கு இல்லை, வீங்கிப்போன 83,250க்கு.

நமக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. இந்தியாவுடையதும் ரூபாய், எங்களுடையதும் ரூபாய். லண்டன்காரனுக்குப் பவுண்டும் யூரோவும் பார்த்தவுடனே வேறுவேறாகத் தெரியும். நமக்குத் திரையில் ரூபாய் என்று இருந்தால் மனம் அங்கேயே சமாதானமாகிவிடுகிறது. இலக்கத்துக்கு முன்னால் இருக்கும் மூன்று எழுத்துகளைப் பாருங்கள். ஐ.என்.ஆர். இந்தியாவுடையது, எல்.கே.ஆர். எங்களுடையது.

தேடும்போது காட்டுகிற விலையை வைத்தும் ஏமாறக்கூடாது. செயலியின் அமைப்பில் இலங்கை ரூபாய் என்று வைத்திருந்தால் எல்லா அறையும் இலங்கை ரூபாயில் தெரியும். அது பல நேரம் விளங்குவதற்காகப் போட்ட கிட்டத்தட்டக் கணக்கு மட்டும்தான். எந்த நாணயத்தில் கார்ட்டிலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்பதைக் கட்டணத் திரையின் அடியில், சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரிய எழுத்து விலைக்கு, சின்ன எழுத்து நமக்கு.

இது செயலியோடு முடிகிற விஷயமும் இல்லை. ஹோட்டல் வரவேற்பில் இருக்கும் கார்ட் இயந்திரமும் இதே கேள்வியைக் கேட்கும். லண்டனில் இருந்து வந்த சித்தி உப்புவெளியில் ஒரு ஹோட்டலில், "பவுண்டிலேயே போடுங்கோ தம்பி, எனக்கு அதுதான் விளங்கும்" என்றார். அந்தத் தம்பியும் மரியாதையாகப் பவுண்டில் போட்டுக் கொடுத்தான். அவனில் பிழை இல்லை, கேட்டதைத்தானே செய்தான். திருகோணமலையில் நிற்கிற லண்டன் கார்டுக்கு இலங்கை ரூபாய், சென்னையில் நிற்கிற இலங்கைக் கார்டுக்கு இந்திய ரூபாய். நிற்கிற ஊரின் காசில் கட்டுங்கள்.

ஏ.டி.எம்.மில் இன்னும் மோசம். 'இந்த மாற்று வீதத்தை ஏற்கிறீர்களா?' என்று கேட்டு, 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு பொத்தான் காட்டும். மறுத்தால் காசே வராதோ என்று பயந்து எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். மறுங்கள். நீங்கள் மறுப்பது அவர்களுடைய வீதத்தைத்தான். காசு வரும், மாற்றுக் கணக்கை உங்கள் கார்ட் பக்கம் பார்த்துக்கொள்ளும்.

சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவது

இந்தியா போய் இறங்கியதும் உள்ளூர் சிம் போடுவது மலிவுதான். ஆனால் கார்டில் காசு கட்டும்போது வங்கி அனுப்பும் ஓ.டி.பி. உங்கள் இலங்கை இலக்கத்துக்குத்தான் வரும். அந்த சிம் சாமித்தட்டில் இருந்தால், செயலியில் மலிவு அறை கண்முன்னால் இருக்கும், கட்ட முடியாது. எனக்கு இது மதுரையில் நடந்தது. இரவு பத்து மணிக்கு, வாசலில் சொன்ன விலைக்கு அறை எடுத்தேன்.

இரண்டு சிம் போடுகிற போன் என்றால் இலங்கை சிம்மை உள்ளேயே விட்டு, அதன் டேட்டாவை மட்டும் நிறுத்துங்கள். புறப்படுவதற்கு முன் ரோமிங் வேலை செய்கிறதா என்று கம்பனியிடம் கேட்டுவிடுங்கள். இந்தியாவுக்குள் ஓடும் பல செயலிகள் அந்நாட்டுத் தொலைபேசி இலக்கம் இல்லாமல் கணக்கே திறக்க விடாது. அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரவுசரின் ரகசிய ஜன்னலில் (இன்காக்னிட்டோ) தேடினால் விலை குறையும்

குறையாது.

விலைக் கழிவைப் பார்த்து மாதத்தை மறப்பது

இது நம் ஊருக்கு வருகிறவர்களுக்கு. டிசம்பரில் நிலாவெளியில் பாதி விலைக்குக் கடற்கரை அறை என்று செயலி காட்டும். கனடாவில் இருந்து கூப்பிட்டு, "எப்படிப் பிடிச்சன் பார்த்தியா?" என்று பெருமைப்படுவார்கள். அந்தக் கழிவைக் கொடுத்தது ஹோட்டல்காரர் இல்லை, வடகீழ்ப் பருவக்காற்று. கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டம்பர் வரை. மாரியில் புறாத்தீவுக்குப் படகு போகுமா என்பது கடலின் மனதைப் பொறுத்தது. நட்சத்திரக் கணக்கை மட்டும் பார்க்காமல், நீங்கள் வரப்போகிற அதே மாதத்தில் தங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். ஓகஸ்டில் தங்கியவர் எழுதிய ஐந்து நட்சத்திரம் டிசம்பருக்குச் செல்லாது. கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு மட்டும் மாரியில் வருவது எனக்குப் பிடிக்கும். அது வேறு கதை.

உள்ளூர் விலையில் வெளிநாட்டுக்காரருக்குப் பதிவது

வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். மிச்சக் காசையும் கேட்பார்கள்.

வரியைக் கூட்டாமல் ஒப்பிடுவது

ஒரு செயலி வரி சேர்த்துக் காட்டும், இன்னொன்று சேர்க்காமல் காட்டும். இலங்கையில் 2024 ஜனவரியிலிருந்து வற் எனும் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அதோடு ஹோட்டல்கள் வழமையாகப் போடும் 10 சதவீதச் சேவைக் கட்டணம். வரியும் சேவைக் கட்டணமும் சேராத 20,000ஐயும் இரண்டும் சேர்ந்த 24,000ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்து 20,000ஐத் தேர்ந்தெடுத்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். கடைசித் திரை வரை போய்த்தான் ஒப்பிட வேண்டும்.

தொலைபேசியில் கூப்பிடாமல் விடுவது

செயலியில் அறையைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் அந்த இடத்துக்கு நேரே அழையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஹோட்டல்காரர் செயலிக்குத் தரகு கொடுக்கிறார், அது பெரும்பாலும் 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும். உப்புவெளியில் நாலு அறை வைத்திருக்கிற ஒருவருக்கு அது பெரிய காசு. "நேரே வந்தால் என்ன விலை அண்ணை?" என்று கேட்டால், குறைக்காவிட்டாலும் காலைச் சாப்பாட்டையாவது சேர்த்துத் தருவார். நகர்ப்புறப் பெரிய ஹோட்டல்களில் இது அவ்வளவாகப் பலிக்காது.

வரைபடத்தை இறக்காமல் போவது

வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு போங்கள். டேட்டா இல்லாதபோது கூகுள் வரைபடம் வாகன வழியை மட்டும்தான் சொல்லும். நடக்கிற வழியும் பஸ் நேரமும் வராது. நடைபாதையில் நின்றுகொண்டு 'வழி காட்டுதே இல்லை' என்று போனைத் திட்ட வேண்டாம்.

அக்காவின் மகன் அன்றைக்குக் கடைசியில் இந்திய ரூபாய்க்குப் புள்ளியை மாற்றினான். கட்டுகிற நேரத்தில் ஓ.டி.பி. வரவில்லை. அவனுடைய கார்ட், அக்காவின் போன் இலக்கத்தில் பதிவாகியிருக்கிறதாம். அக்கா வீட்டில் தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார்.